எதிர் இலையின் ருசி

பவானியில் ஆற்றுப் பாலத்தை விட்டு இறங்கினதும் லாரிகள் வரிசையாக நின்று இளைப்பாறுமே, அந்த இடத்தில் பாவாயக்கா மெஸ் என்று ஒன்று இருக்கிறது. அங்கே போய் உட்கார்ந்தால் நாம் தின்பதன் ருசி நமக்கு வராது, எதிரே உட்கார்ந்திருப்பவர் நாக்குக்குப் போய்விடும், அவர் தின்பதன் ருசி நம் நாக்குக்கு வந்துவிடும், வயிறு மட்டும் அவரவர் தின்றதில் அவரவருக்கு நிறையும். நம்புகிறவர்கள் நம்பலாம். நம்பாதவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போய்ப் பார்த்துக்கொள்ளலாம், ஆனால் தனியாகப் போகாதீர்கள், எதிரே ஆள் இல்லாமல் உட்கார்ந்தால் நல்லி எலும்பும் நனைந்த துணியும் ஒன்றுதான்.

முன்பெல்லாம் அங்கே எல்லாரும் ஒரே சுவரைப் பார்த்தபடி, கல்யாணப் பந்தி மாதிரி உட்கார்ந்துதான் சாப்பிட்டோம். கூட்டம் தாங்காமல் ஓர் ஆடி மாதத்தில் பாவாயக்கா நடுச்சுவரை இடித்து, அகலமான மேசைகள் செய்து, இரண்டு பக்கமும் நாற்காலி போட்டார். அன்று மதியமே ரசஞ்சோற்றைப் பிசைந்து வாயில் வைத்த ஒரு வாத்தியார் "ஈரல் நல்லா வெந்திருக்குது" என்றார், எதிரே ஈரலை மென்றுகொண்டிருந்த மளிகைக்கடைக்காரர் "எனக்கு மொளகு ரசமாட்டமல்ல இருக்குது" என்றார், அப்புறம் மேசைக்கு மேசை கூச்சல் கிளம்பி அடுப்படி வரைக்கும் போய்விட்டது. பாவாயக்கா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தார், வீட்டுக்காரரை எதிரே உட்கார வைத்து ஒரு வாய் முட்டைக்கோஸ் பொரியல் தின்னச் சொன்னார், தன் நாக்கைச் சப்புக்கொட்டிப் பார்த்தார், "உப்புப் பத்தல" என்று சொல்லிவிட்டு உப்புப் போட உள்ளே போய்விட்டார். இன்றைக்கு வரைக்கும் இதைப் பற்றி அவர் சொன்ன கருத்து அது ஒன்றுதான். மேசை எந்த மரம், எந்தக் காட்டில் வெட்டியது என்று துருவித் துருவிக் கேட்டவர்களிடம் மட்டும், "சோறு திங்க வந்தீங்களா, மரம் வாங்க வந்தீங்களா?" என்று கேட்டார்.

கொஞ்ச நாள் சண்டைதான் நடந்தது. நான் கேட்டு வாங்கின தலைக்கறியை அவன் அனுபவிப்பான், அவன் தயிர்ச்சோற்றை நான் சுமக்க வேண்டுமா என்று இலையை விட்டு எழுந்து போனவர்கள் உண்டு. போனவர்கள் எல்லாரும் திரும்பி வந்தார்கள், வேறெங்கே போய் அந்தக் குழம்பைத் தேடுவது? பரிமாறுகிறவர்கள் "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்பதை விட்டுவிட்டு "எதிர் எலைக்கு என்னங்?" என்று, அதாவது எதிரே இருப்பவருக்கு எந்த ருசியை அனுப்ப வேண்டும் என்று, கேட்கப் பழகினார்கள். சர்க்கரை வியாதிக்காரர்கள் பேரன் பேத்திகளைக் கூட்டிவந்து எதிரே உட்கார்த்தி இளநீர்ப் பாயாசம் வாங்கிக்கொடுத்து, தாங்கள் பாகற்காய் தின்றார்கள், பாயாசத்தைக் குடிக்கக் குடிக்கக் குழந்தைகள் கசப்பில் வீறிட்டு அழுதார்கள். பிறந்ததிலிருந்து கறி தொடாத சன்மார்க்கத்து ராக்கியப்ப ஐயா, மீன் தின்கிற மருமகனுக்கு எதிரே அரிசிம்பருப்புச் சோற்றோடு உட்கார்ந்து, விரதத்துக்கும் பங்கமில்லாமல் கெண்டை மீனின் ருசியைக் கண்ணை மூடிக் கண்டுகொண்டிருந்தார். வரப்புத் தகராறில் பேச்சை நிறுத்தியிருந்த அண்ணன் தம்பி இரண்டு பேர் ஒருநாள் இடம் இல்லாமல் எதிரெதிரே மாட்டிக்கொண்டார்கள். அண்ணன் வேண்டுமென்றே பச்சை மிளகாயாகக் கடித்தார், தம்பி பதிலுக்கு உப்பை அள்ளி வாயில் போட்டார், கடைசியில் இரண்டு வயிறும் கெட்டு ஒரே ஆஸ்பத்திரியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் கிடந்து, பொழுது போகாமல் பேச ஆரம்பித்துவிட்டார்கள். தனியாக வருகிற லாரி டிரைவர்கள் வாசலில் நின்று "எனக்கு எதிர்ல யாருங் வர்றீங்க?" என்று சத்தம் போட, முன்பின் தெரியாதவர்கள் கையைத் தூக்கினார்கள். சோதனை போட வந்த அதிகாரி ஒருவர், எதிரே தன் டிரைவர் தின்ற பள்ளிபாளையம் சிக்கனின் ருசியில் வேர்த்து விறுவிறுத்து, நோட்டை மூடிக்கொண்டு எழுந்து போனார். மறுவாரம் சம்சாரத்தோடு வந்தார்.

பொம்பளைகள் நாங்கள்தான் இதைப் பழகிக்கொள்ள நாளாக்கினோம். நாங்கள் என்றால் நான் வசந்தாமணி, மூத்தவள் அருக்காணியக்கா, வாயாடி பூங்கொடி, அப்புறம் தெய்வானை, நாலு பேரும் பெருந்துறைப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவு, ஒரே வேனில் போய் ஒரே வேனில் வருகிறவர்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு, வீட்டில் என்ன பேசினாலும் பேசட்டும் என்று, நாங்கள் சமைக்காத சோற்றை நாங்கள் சாப்பிடப் பாவாயக்கா மெஸ்ஸுக்குப் போவோம். உட்கார்ந்ததும் கை சும்மா இருக்காது, நல்ல துண்டாகப் பார்த்து எதிர் இலையில் வைத்துவிட்டு, தனக்கு எலும்பும் அடிக்குழம்பும் போதும் என்று ஒதுக்கிக்கொள்வோம், புகுந்த வீட்டில் காலம் பூராவும் செய்த பழக்கம் அது. அந்த மெஸ்ஸில் அப்படிச் செய்தால் என்ன ஆகும்? நான் தூக்கிக் கொடுத்த நல்ல துண்டின் ருசி எனக்கே திரும்பி வரும், நான் தின்ற அடிக்குழம்பு அவள் நாக்கில் போய் உட்காரும். பாசத்தில் ஒருத்திக்கு ஒருத்தி மட்டமான ருசியாகப் பார்த்துப் பார்த்து அனுப்பிக்கொண்டிருந்தோம். கூட்டாளிக்கு நல்லது செய்ய வேண்டுமானால் நல்ல துண்டை நாமே தின்ன வேண்டும் என்பதைப் புத்திக்குப் புரிய வைத்துவிடலாம், கைக்குப் புரியவைப்பதுதான் பெரும்பாடு.

ஐப்பசியில் தெய்வானைக்குத் தொண்டையில் கட்டி வந்தது. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் கரண்டு, அதுதான் கதிர்வீச்சு, வைத்தார்கள், கட்டி கரைந்துவிட்டது, ஆனால் தொண்டை வழி சுருங்கிப்போய் ஒரு மடக்குத் தண்ணீர்கூட இறங்கவில்லை, நாக்கும் மரத்துவிட்டது, சர்க்கரையை வைத்தாலும் மண்ணை வைத்தாலும் அவளுக்கு ஒன்றுதான். வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைத்து, அதில் கஞ்சியும் பாலும் சத்துமாவும் ஊற்றச் சொன்னார்கள். வழி மெல்ல மெல்லத் திறக்கும், அதுவரைக்கும் உடம்பு தாங்க வேண்டும், உடம்பை விட்டுவிட்டால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மாசி பிறந்தபோது அவள் மகள் சுகன்யா எனக்குப் போன் செய்தாள்.

"பெரியம்மா, அம்மா கஞ்சி ஊத்த உடமாட்டீங்குது. குழாயைக் கையில மடக்கிப் புடிச்சுக்குது. நேத்திருந்து ஒண்ணுமே இல்ல."

நாங்கள் மூன்று பேரும் ஓடினோம். தெய்வானை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள், சேலைக்குள் ஆள் இருக்கிறாளா என்று தேட வேண்டியிருந்தது. என்ன புள்ள இது என்று கேட்டதற்கு, காற்றாய்ப் போன குரலில், "இது சோறா? வண்டிக்கு ஆயில் ஊத்தறாப்பல ஊத்தறாங்க. போதும் வசந்தா," என்றாள். போதும் என்ற அந்த வார்த்தையை அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன், கடையில் தராசுக்காரனிடம் சொல்வது மாதிரி சாதாரணமாகச் சொன்னாள்.

பாவாயக்கா மெஸ்ஸுக்குக் கூட்டிப்போகலாம் என்று சொன்னது பூங்கொடிதான். மரத்துப்போன நாக்குக்கு எதிர் இலையின் ருசி வருமா என்று யாருக்கும் தெரியாது, அப்படி ஒருவரும் அங்கே வந்து உட்கார்ந்ததில்லை. வராவிட்டால், இருக்கிற கொஞ்சநஞ்சப் பிடிமானமும் போய்விடும் என்று அருக்காணியக்கா தயங்கினார். "இப்ப மட்டும் என்ன புடிச்சுக்கிட்டா இருக்கறா?" என்று பூங்கொடி கேட்டாள். தெய்வானை வரமாட்டேன் என்றாள், நாலு பேர் திங்கிற இடத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார நான் என்ன சாமி சிலையா என்றாள், நாங்கள் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டோ வைத்து, தலையணை போட்டுத் தூக்கி உட்காரவைத்துக் கூட்டிப்போனோம்.

கூட்டம் என்றால் கூட்டம், ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலும் அடுத்த ஆள் சாய்மானத்தில் கையை ஊன்றிக்கொண்டு, முன்னால் இருப்பவர் எப்போது மோர் கேட்பார் என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள். தெய்வானையைப் பார்த்ததும் ஒரு மேசையே எழுந்து இடம் விட்டது. பாவாயக்கா அடுப்படியிலிருந்து தானே வந்து, நுனி இலையாகப் பார்த்து அவள் முன்னால் போட்டுத் தண்ணீர் தெளித்தார்.

"எனக்கு எலை வேண்டாங்க்கா."

"எலையில்லாம என்ற மெஸ்ல யாரும் உக்காந்ததில்ல கண்ணு. கம்முனு உக்காரு."

பூங்கொடியும் அருக்காணியக்காவும் பக்கத்தில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள், தெய்வானைக்கு எதிரே நான். பரிமாறுகிறவர் வாளியோடு வந்து "எதிர் எலைக்கு என்னங்?" என்றார். அந்த நேரத்தில்தான் என் புத்தி மழுங்கிவிட்டது. ஒரு வாய் தண்ணீர் இறங்காமல் எலும்பாய் உட்கார்ந்திருக்கிறவளுக்கு நேர் எதிரே, அவள் பார்க்கப் பார்க்க, கறியை அள்ளி வாயில் போடுவதா? மனசு வரவில்லை. கொஞ்சம் சோறும் தயிரும் போதும் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு ஊற்றினார். தலையைக் குனிந்துகொண்டு, சத்தம் வராமல், விருந்து வீட்டில் புதுப்பெண் சாப்பிடுவது மாதிரி நுனிவிரலால் எடுத்து ஒரு வாய் வைத்தேன், எனக்கு ஒரு ருசியும் இல்லை, எதிர் இலைதான் காலியாயிற்றே. தெய்வானை கண்ணை மூடினாள். பின்னால் நின்றவர்கள், பக்கத்து மேசைக்காரர்கள், ரசவாளிக்காரர், எல்லாரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். இரண்டாவது வாய் வைத்தேன், மூன்றாவது வாய் வைத்தேன். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

அவள் கண்ணைத் திறந்தாள், என் இலையைப் பார்த்தாள், மூக்கைச் சுளித்தாள்.

"ஏன் புள்ள," என்றாள், "புளிப்புமில்லாம உப்புமில்லாம, இது என்ன தயிரு? வூட்லதான் கஞ்சின்னா இங்கயும் கொண்டாந்து கஞ்சியவா குடுப்பீங்க?"

பூங்கொடி நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாள். "புளிப்பில்லையா? புளிப்பில்லைங்கறது உனக்குத் தெரியுதா?" என்று அவள் கத்தியதில் தெருவில் நின்ற லாரிக்காரர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். அருக்காணியக்கா என் முதுகில் ஓங்கி ஓர் அறை வைத்தார். "அறிவு கெட்டவளே, அவளுக்குப் பாவம் பாக்கறேன்னு தயிரத் திங்கறயே, திங்கறது உனக்காடி? நல்லியப் போடச் சொல்லு!" அறை வலித்தது, வலித்தாலும் அப்படி ஒரு நிம்மதி எனக்கு அதுவரைக்கும் வந்ததில்லை, அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து மூக்கு ஒழுகியது.

அப்புறம் தின்றேன் பாருங்கள். ஆம்பளைகள் நிறைந்த கூடத்தில், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, நல்லி எலும்பைத் தட்டி உறிஞ்சி, குடல் வறுவலைக் குழம்புச் சோற்றில் புரட்டி, ரத்தப் பொரியலை விரலில் வழித்து, பள்ளிபாளையம் சிக்கனின் தேங்காய்ச் சில்லையும் வரமிளகாயையும் சேர்த்து மென்று தின்றேன். எனக்கு எல்லாமே நனைந்த துணிதான், ஒரு வாய்க்கும் இன்னொரு வாய்க்கும் வித்தியாசம் தெரியவில்லை, ஆனால் எதிரே அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்து எது என்ன என்று தெரிந்துகொண்டேன். புருவம் ஏறினால் மிளகாய், கன்னம் உள்ளே குழிந்தால் நல்லி, உதடு பிரிந்து அப்படியே நின்றால் ரத்தப் பொரியல். எச்சிலை முந்தானையில் துடைத்துத் துடைத்து மாளவில்லை அவளுக்கு. "இன்னொருக்கா அந்தக் குடலு," என்பாள், "மெதுவா, மெதுவா மெல்லு, நானென்ன ஓடியா போறேன்?" என்பாள். ஒரு கட்டத்தில் எனக்கு மூச்சு முட்டியது.

என் நாற்காலியின் சாய்மானத்தில் கை வைத்து நின்றிருந்தவர் நாமக்கல் பக்கத்து லாரி டிரைவர், பேர் சென்னிமலை என்று பிறகு சொன்னார். குனிந்து என் காதருகே, "அக்கா, நீங்க எந்திரிங். கறி திங்கறதுல ஒரு நெதானம் வேணுங், நான் காட்டறனுங்," என்றார். இடத்துக்காக நிற்கிறவர்கள் இடத்தைக் கேட்பது அங்கே வழக்கம்தான், அடுத்தவர் நாக்குக்காகக் கேட்டது அன்றுதான். அவர் உட்கார்ந்து, தலைக்கறி வாங்கி, ஒவ்வொரு துண்டையும் சோற்றில் பொதிந்து சாவகாசமாகச் சாப்பிட்டார், ருசியில்லாத வாயை மென்றுகொண்டே "எப்பிடிங் இருக்குது?" என்று கேட்டுக்கொண்டார். அவருக்குப் பின்னால் மளிகைக்கடைக்காரர் மீன் குழம்போடு தயாராக நின்றார், முள்ளில்லாமல் ருசியை அனுப்ப முடியும் என்று அவர் சொன்னதை யாரும் மறுக்கவில்லை. அவரும் உட்கார்ந்து தின்று எழுந்ததும், கூட்டத்தை விலக்கிக்கொண்டு ராக்கியப்ப ஐயா வந்தார்.

"அம்மிணி, நான் கவிச்சி தொடமாட்டனுங். அரிசிம்பருப்புத்தான் திம்பேன். பரவால்லீங்களா?"

தெய்வானை தலையை ஆட்டினாள். அவர் சுடச்சுட வாங்கி, நடுவில் குழி பறித்து நெய் விடச் சொல்லி, சின்ன வெங்காயம் தட்டுப்படுகிற மாதிரி பிசைந்து ஒரு உருண்டை வாயில் வைத்தார். மழைக் காலத்து இரவுகளில் எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் வேகிற சோறு அது, அதற்கு யாரும் மெஸ்ஸுக்குப் போகத் தேவையில்லை. அதுவரைக்கும் அதைக் கொண்டா இதைக் கொண்டா என்று அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்த தெய்வானை, அந்த ஒரு வாய்க்குச் சத்தமே இல்லாமல் அழுதாள். பெரியவர் நிறுத்திவிட்டார். அவள் கையைக் காட்டி, தின்னுங்க, தின்னுங்க என்று சைகை செய்தாள். அவர் இலையை வழித்துத் தின்று முடிக்கிற வரைக்கும் அந்த மெஸ்ஸில் ஒருவரும் மோர் கேட்கவில்லை, ஒரு நாற்காலியும் நகரவில்லை.

முடிந்ததும் கூடம் பழையபடி ஆகிவிட்டது. சென்னிமலை வண்டியை எடுக்கப் போய்விட்டார், மளிகைக்கடைக்காரர் கடை திறக்கப் போய்விட்டார், பாவாயக்கா எங்களை ஏறிட்டுக்கூடப் பார்க்காமல் "அடுத்த பந்தி உக்காருங்" என்று குரல் கொடுத்தார். நாங்கள் தெய்வானையை ஆட்டோவில் ஏற்றினோம். வயிறு முட்டத் தின்றதில் எனக்கு உட்காரவும் முடியவில்லை, சாயவும் முடியவில்லை. பூங்கொடி வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள், தெய்வானை அருக்காணியக்கா மடியில் தலையை வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள், ஆட்டோ கூடுதுறைக் கோயிலைத் தாண்டியது. அவள் தூங்கிவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

"வசந்தா."

"என்ன புள்ள? வலிக்குதா?"

அவள் எழுந்து உட்கார்ந்தாள், வயிற்றைச் சேலையோடு சேர்த்து அழுத்திப் பிடித்தாள், எங்கள் மூன்று பேரையும் கோபமாகப் பார்த்தாள்.

"ஊரே தின்னாச்சு," என்றாள். "எனக்குப் பசிக்குது."

பூங்கொடி பேச்சை விட்டுவிட்டு ஆட்டோக்காரரை வேகமாகப் போகச் சொன்னாள். நான் போனை எடுத்து நம்பரைத் தேடுவதற்குள் அருக்காணியக்கா அதைப் பிடுங்கிச் சுகன்யாவைக் கூப்பிட்டார். "கண்ணு, கஞ்சி வெய்யி. நெறைய வெய்யி. உங்கம்மா பசிக்குதுங்கறா," என்றார். அக்கா போனை எங்கள் நடுவில் நீட்டிப் பிடித்தார், ஆட்டோ இரைச்சலுக்குள் நாலு பேரும் தலையை முட்டிக்கொண்டு கேட்டோம், சுகன்யா அழுதுகொண்டே பாத்திரம் எடுக்கிற சத்தம் கேட்டது.